சூடு பார்க்கிறவள்

நான் காலை ஒன்பது மணிக்கே ஆபீசுக்கு வந்துவிட்டேன் என்று சொன்னால் நம்புகிறவர்கள் ஒரு காலத்தில் நிறைய இருந்தார்கள். எங்கள் எம்.டி. நம்பினார். வாட்ச்மேன் நம்பினார், அல்லது ஒரு டீக்கு நம்புகிற மாதிரி நடித்தார். அவள் வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது நாளோடு அதெல்லாம் முடிந்துபோயிற்று.

முத்தியால்பேட்டையில் ஒரு பெயின்ட் கடைக்கு மேலே எங்கள் ஆபீஸ். வண்டிகளைக் கீழே வரிசையாக நிறுத்துவோம். அன்றைக்கு நான் ஒன்பதே முக்காலுக்கு வந்து, வண்டியை நாலு வண்டிக்கு நடுவில் சொருகி, பின்பக்கப் படி வழியாக ஏறி, டீ டம்ளரும் கையுமாக ஜன்னலோரம் நின்றுகொண்டேன், ரொம்ப நேரமாக நிற்கிறவன் மாதிரி.

"எப்ப வந்தே?" என்றார் எம்.டி.

"ஒன்பதுக்கே வந்துட்டேன் சார்."

அப்போதுதான் அவள் கீழேயிருந்து ஏறி வந்தாள். கையில் துப்பாக்கி மாதிரி ஒரு தெர்மாமீட்டர்.

"இல்லண்ணா. உங்க வண்டி சைலன்சர் இன்னும் எம்பது டிகிரி இருக்குது. ஒன்பதுக்கு வந்திருந்தா நாப்பதுக்கு இறங்கியிருக்கும். இப்பதான் வந்தீங்க. ஒரு அஞ்சு நிமிஷம் இருக்கும்."

அது போட்டுக்கொடுக்கிற குரல் இல்லை. மழை வருது, துணியை எடுங்க என்று பக்கத்து வீட்டில் சொல்வார்களே, அந்தக் குரல். என் முகம் போன போக்கைப் பார்த்து அவளுக்கே பாவமாகிவிட்டது போலிருக்கிறது. ஆறுதலாக ஒன்று சொன்னாள்: "ஆனா உங்க வண்டி நல்லாச் சூடு புடிக்குதுண்ணா."

இங்கே அவளை 'அவள்' என்று எழுதுகிறேன். நேரில் முதல் எட்டு மாதம் 'என்னம்மா' என்றும் அதற்குப் பிறகு 'மேடம்' என்றும் கூப்பிட்டேன். இந்த இரண்டுக்கும் நடுவில் நடந்ததைத்தான் சொல்லப்போகிறேன். அதில் என் பங்கு அவ்வளவு சிலாக்கியமானது இல்லை.

சைலன்சரைச் சோதிக்கிற பெண்ணுக்கு எதற்குச் சம்பளம் என்று உங்களுக்குத் தோன்றும். ராணுவத்தில் இருட்டில் பார்க்க ஒரு கருவி உண்டு. அது வெளிச்சத்தைப் பார்க்காது, சூட்டைப் பார்க்கும். சூடான பொருள் வெள்ளையாகவும் குளிர்ந்தது கறுப்பாகவும் தெரியும். புதிதாகச் சேருகிற பையன்களை எல்லாம் எல்லையில் கொண்டுபோய் நிறுத்திப் பழக்க முடியுமா? அதனால் ஒரு அறைக்குள் உட்காரவைத்து, கையில் பொய்க் கருவி ஒன்றைக் கொடுத்து, அதற்குள் கம்ப்யூட்டர் படத்தை ஓடவிடுவார்கள். மலை, ஓடை, நாலு மரம், ஒரு ஜீப், எங்கேயோ ஒரு ஆள். ஆளைக் கண்டுபிடிக்க வேண்டும். அந்த அறையையும் கருவியையும் ஐதராபாத்தில் ஒரு பெரிய கம்பெனி செய்தது. கருவிக்குள் ஓடுகிற ஊரைப் பதினெட்டுப் பேர் சேர்ந்து புதுச்சேரியில் நாங்கள் செய்தோம்.

நான் படக்காரன், கம்ப்யூட்டரில் மரம், வீடு, வண்டி வரைகிறவன். ஆபீஸில் ஆறு வருஷ சீனியர். மரம் போடுவதில் என்னை அடித்துக்கொள்ள ஆளில்லை என்று சொல்வார்கள். சொன்னது பெரும்பாலும் நான்தான். நான் போட்ட வேப்பமரம் ஒன்றில் இலை மட்டும் பதினோராயிரம். காற்றடித்தால் ஒவ்வொன்றும் தனித்தனியாக ஆடும். சூடு பார்க்கிற கருவிக்குள் போனதும் அது ஒரு சாம்பல் நிறக் காலிஃபிளவர். ஒரு கலைஞனுக்கு இதைவிடப் பெரிய தண்டனை வேண்டியதில்லை. ஆனாலும் சம்பளம் வந்துகொண்டிருந்தது.

படத்திலுள்ள ஒவ்வொரு பொருளுக்கும் எந்த மணிக்கு எவ்வளவு சூடு என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லவேண்டும். அவள் வருவதற்கு முன்னால் அதை நான்தான் ஒரு புத்தகத்திலிருந்த அட்டவணையைப் பார்த்து நிரப்பிக்கொண்டிருந்தேன். கல்லுக்கு இவ்வளவு, இரும்புக்கு இவ்வளவு. மத்தியானத்துக்குள் ஒரு கிராமமே முடிந்துவிடும். அவள் வந்ததும் புத்தகத்தை மூடிவைத்தாள். தெருவில் இறங்கினாள்.

அவள் எதையும் தொட்டது புறங்கையால்தான். சுவர், கேட்டு, கடை ஷட்டர், தார் ரோடு, லாரி டயர், பெயின்ட் டின் எல்லாவற்றிலும் புறங்கையை வைப்பாள், ஒரு எண்ணைச் சொல்வாள், பிறகு தெர்மாமீட்டரால் சுட்டுப் பார்ப்பாள். ஒன்றிரண்டு டிகிரிக்கு மேல் வித்தியாசம் வந்து நான் பார்த்ததில்லை. பார்க்க ஆசைப்பட்டுப் பின்னாலேயே போயிருக்கிறேன். எம்.டி. ஊரில் இல்லாத ஒரு நாள் நான் அவருடைய சுழல்நாற்காலியில் உட்கார்ந்து எதிர்காலத்தை யோசித்துக்கொண்டிருந்தேன். வெளியே வந்து பார்த்தால் இவள் உள்ளே போய் நாற்காலியில் புறங்கையை வைத்துக்கொண்டிருக்கிறாள். "யாரோ ரொம்ப நேரம் உக்காந்திருக்காங்க" என்றாள். யார் என்று கேட்கவில்லை. அவளுக்கு வேண்டியது ரெக்சினில் எவ்வளவு நேரம் சூடு தங்கும் என்பது மட்டும்தான்.

இதில் கொடுமை, இன்டர்வியூவில் அவளைத் தேர்ந்தெடுத்ததே நான்தான். பாகூர்ப் பக்கத்துப் பெண், இயற்பியல் படித்தவள். ஊரெல்லாம் மூக்கைக் கட்டிக்கொண்டு திரிந்த காய்ச்சல் காலத்தில், கதிர்காமத்தில் ஒரு ஆஸ்பத்திரி வாசலில் நின்று, வருகிறவர்கள் நெற்றியில் தெர்மாமீட்டரை நீட்டுகிற தற்காலிக வேலை பார்த்திருந்தாள்.

"அதுல என்னம்மா கத்துக்கிட்டே?" என்று நக்கலாகத்தான் கேட்டேன்.

"வெயில்ல வண்டி ஓட்டிட்டு வந்தவங்க எல்லாருக்கும் ஜுரம்னு காட்டும் சார். அவங்களை அஞ்சு நிமிஷம் புங்கமரத்தடியில நிக்க வெச்சுட்டு மறுபடி பாப்பேன். நிக்க மாட்டேன்னு சண்டை போடுவாங்க. நிக்க வெச்சுடுவேன். ஏ.சி. கார்ல வந்தவங்களை வெயில்ல நிக்க வெப்பேன்."

நான் விழுந்து விழுந்து சிரித்து, "இவளை எடுத்துக்கலாம் சார், ஆபீஸ் கலகலன்னு இருக்கும்" என்று எம்.டி.யிடம் சிபாரிசு செய்தேன். பணக்காரனைக் கூசாமல் வெயிலில் நிறுத்துகிறவள் என்னை எங்கே நிறுத்துவாள் என்று யோசிக்கத் தோன்றவில்லை.

அடுத்த அடி நான் வரைந்த ஜீப்புக்கு விழுந்தது. அந்த ஜீப்பில் ஒரு டிரைவரை வைத்திருந்தேன். முன்கண்ணாடி வழியாக அவன் முகம் வெள்ளைவெளேரென்று ஜொலிக்கும். மீசைகூட வைத்திருந்தேன். மூன்று நாள் வேலை.

"டிரைவர் தெரியமாட்டாருண்ணா" என்றாள்.

"ஏன், லீவு போட்டுட்டாரா?"

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். சிரித்து முடித்துவிட்டு, "கண்ணாடி வழியா சூடு வராதுண்ணா" என்றாள். நான் விடவில்லை. கண்ணாடி வழியாகக் கண்ணுக்குத் தெரிகிறது கேமராவுக்குத் தெரியாதா என்று ஒரு பிரசங்கமே செய்தேன். அவள் ஐதராபாத்திலிருந்து இரவலாக வந்திருந்த சூட்டுக் கேமராவை என் கையில் கொடுத்தாள். எம்.டி.யின் கண்ணாடி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கேமராவில் பார்த்தேன். ஆளைக் காணோம். அவள் இருக்கவேண்டிய இடத்தில் சாம்பல் பூசின மாதிரி தொப்பையோடு ஒரு உருவம்.

"உள்ள வேற யாரோ இருக்காங்கம்மா!"

அவள் கதவைத் திறந்து தலையை நீட்டினாள். "அது நீங்கதாண்ணா. கண்ணாடில படுது."

அன்று சாயங்காலம் டிரைவரை மீசையோடு அழித்தேன்.

வீட்டில் என் மனைவிதான் முதலில் கண்டுபிடித்தாள். "ஒரு நாளைக்கு எத்தனைவாட்டி அந்தப் பொண்ணைப் பத்திப் பேசறீங்க தெரியுமா? வேற ஒருத்தியா இருந்தா இந்நேரம் அம்மா வூட்டுக்குப் பொட்டியைக் கட்டியிருப்பா."

"நீ ஏன் கட்டல?"

"உங்க மூஞ்சில ஆசையா இருக்குது? வயித்தெரிச்சல்தான் இருக்குது. மோர் ஊத்தட்டுமா?"

மோர் குடித்தேன். பயனில்லை.

ஆனால் அதுவரை வந்தது சாதாரணப் பொறாமை. ஆபீஸ் என்று இருந்தால் வருவது. வியாதி சரியாகப் பிடித்தது நோணாங்குப்பத்தில். ஒரு சனிக்கிழமை எம்.டி. எல்லோரையும் போட் ஹவுசுக்குக் கூட்டிப்போனார். நாங்கள் படகில் ஏறிப்போய், மணலில் குதித்து, பேண்ட் நனைந்து, படம் எடுத்துக்கொண்டு திரும்பினோம். அவள் படகே ஏறவில்லை. துறையோரம் உட்கார்ந்து, சேற்றுக்கும் தண்ணீருக்கும் மாறி மாறிச் சூடு பார்த்துக்கொண்டிருந்தாள். நான் மாங்காய்ப் பத்தை வாங்கிக்கொண்டு போய்ப் பக்கத்தில் நின்றேன். பேச்சுத்துணைக்கு அல்ல, தப்புக் கண்டுபிடிக்க. படகுக்காரர் ஒருவர் பீடியைப் பற்றவைத்தபடி அவளைப் பார்த்தார்.

"இன்னாம்மா, தண்ணிக்கு ஜுரமா?"

"இல்லண்ணா, நல்லாத்தான் இருக்குது."

வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. அவள் கொண்டுவந்திருந்த சூட்டுக் கேமராவை நான் வாங்கிக் கண்ணில் வைத்துப் பார்த்தேன். சேறு வெள்ளை, தண்ணீர் கறுப்பு, படகுக்காரர் வெள்ளை, எல்லாம் பளிச்சென்று இருந்தது. கொஞ்ச நேரத்தில் கரை மங்கிற்று. படகுகள் மங்கின. பிறகு படம் முழுக்க ஒரே சாம்பல். எங்கே கரை முடிகிறது, எங்கே தண்ணீர் தொடங்குகிறது, ஒன்றும் தெரியவில்லை. எனக்கு எதிரே பத்தடியில் நின்ற படகுக்காரரே காணாமல் போய்விட்டார். பீடி நுனி மட்டும் ஒரு வெள்ளைப் புள்ளியாக மிதந்தது.

"போச்சு, கேமரா போச்சு!" என்று நான் அதைத் தட்ட ஆரம்பித்தேன்.

"தட்டாதீங்கண்ணா! எல்லாம் ஒரே சூட்டுக்கு வந்துடுச்சு, அவ்ளோதான்."

பகலெல்லாம் சேறு சூடு, தண்ணீர் குளிர்ச்சி. பொழுது சாய்ந்தால் சேறு சீக்கிரம் ஆறும், தண்ணீர் மெதுவாக ஆறும். ஆறிக்கொண்டே வருகிற வழியில் இரண்டும் ஒரு நேரம் சந்தித்துக்கொள்ளும். அந்தக் கோடைக்கு மனுஷன் தோலும் ஏறக்குறைய அதே சூடுதான். அந்த அரை மணி நேரம் கருவிக்கு எல்லாம் ஒன்று. "காலைலயும் ஒருவாட்டி வரும்ண்ணா" என்றாள். கொஞ்சம் கழித்துப் படம் மெல்லத் திரும்பி வந்தது, தலைகீழாக. இப்போது தண்ணீர் வெள்ளை, சேறு கறுப்பு. அவள் கைதட்டாத குறை. அந்த முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்தேன். பதினோராயிரம் இலை போட்டபோதுகூட எனக்கு அப்படி ஒன்று வந்ததில்லை. அவளுடைய மூளை மேலே எனக்குப் பொறாமை இல்லை. மூளைக்காரர்கள் ஊரில் ஆயிரம் பேர். ஒன்றுமே தெரியாத ஒரு படத்தைப் பார்த்து ஒருத்தி இவ்வளவு சந்தோஷப்படுகிறாளே என்பதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. மாங்காய் புளித்தது.

திங்கட்கிழமை அந்த அரை மணி நேரத்தை எங்கள் படத்துக்குள்ளும் கொண்டுவரவேண்டும் என்று எம்.டி.யிடம் போய் நின்றாள். எம்.டி. லிசே என்கிற பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் படித்தவர். சந்தோஷம் வந்தால் 'வொலா' என்பார், கோபம் வந்தால் 'மெர்த்' என்பார். அன்றைக்கு இரண்டாவதைச் சொன்னார்.

"வாங்க வர்றவன்கிட்ட ஒண்ணுமே தெரியாத படத்தையா காட்டறது?"

"அந்த நேரத்துல ஒண்ணும் தெரியாதுங்க சார்."

"ஒண்ணும் தெரியாததைச் செய்ய நாம எதுக்கும்மா? ஸ்விட்சை அணைச்சாப் போதுமே!"

"அணைச்சாக் கறுப்பாயிடும் சார். இது சாம்பலா இருக்கணும்."

எம்.டி. என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். கடைசியில் அவர் சம்மதித்தார். அவள் ஒன்றரை மாதம் அந்தச் சாம்பலைச் செய்தாள். பாறை ஒவ்வொன்றாக, புல் திட்டுத் திட்டாக, எல்லாம் வெவ்வேறு வேகத்தில் ஆறி, சரியாக ஆறேகால் மணிக்கு ஒன்றில் ஒன்று கரையவேண்டும். நான் போகும்போதும் வரும்போதும், "என்னம்மா, ஒண்ணுமில்லாதது எதுவரைக்கும் வந்திருக்குது?" என்று கேட்பேன். "பாதி வந்துடுச்சுண்ணா" என்று நிஜமாகவே பதில் சொல்வாள். கிண்டல் அவள் மேலே ஒட்டாது. அதுவும் எனக்கு எரிச்சல்.

அப்போதுதான் எம்.டி. எல்லோரையும் கூப்பிட்டுச் சொன்னார். அடுத்த வெள்ளிக்கிழமை ராணுவத்தில் பயிற்சி கொடுக்கிற ஒரு சுபேதார் நேரில் வந்து பார்க்கப்போகிறார். அவர் சரி என்றால் பெரிய ஆர்டர். சூடு பார்க்கிற சென்சார் பிரிவுக்கு ஒரு தலைவர் வேண்டியிருக்கும், நான் அல்லது அவள். சரியில்லை என்றால் ஆபீஸை மூடிவிட்டு எம்.டி. மிஷன் வீதியில் பீட்சா கடை போடப்போகிறார். "உங்க பதினெட்டுப் பேர்ல யாருக்காவது மாவு பெசையத் தெரியுமா?" என்று கேட்டார். யாரும் சிரிக்கவில்லை.

ஆறு வருஷ சீனியர் நான். வீட்டில் ஏற்கெனவே தலைவர் என்று சொல்லிவிட்டிருந்தேன். சுபேதார் வந்து அந்தச் சாம்பலைப் பார்த்து முகத்தைச் சுளிப்பார், ஆர்டர் போய்விடும் என்று ஒரு மனசு பயந்தது. சுளிக்காமல் 'ஆஹா' என்றுவிட்டால் பதவி அவளுக்குப் போய்விடும் என்று இன்னொரு மனசு பயந்தது. உண்மையைச் சொன்னால், இரண்டாவது பயம்தான் பெரிதாக இருந்தது.

வியாழக்கிழமை மத்தியானம், அவள் சாப்பிடப் போயிருந்த நேரம், ஒரே ஒரு எண்ணை மாற்றினேன். ஆறு மணியிலிருந்து ஆறரை வரை, படத்திலிருக்கிற ஆளின் சூட்டை நாற்பதுக்கு ஏற்றிவிட்டேன். சாம்பல் அப்படியே இருக்கும். ஆள் மட்டும் பளிச்சென்று தெரிவான். மலையேறி வருகிறவன், மேல் சூடேறியிருக்காதா என்று மனசாட்சியிடம் வாதாடினேன். எதிரிக்கு ஜுரம் வரக் கூடாதா? மனசாட்சி சாப்பிடப் போயிருந்தது.

வெள்ளிக்கிழமை சுபேதார் வந்தார். வேலூர்ப் பக்கத்துக்காரர். பெரிய உடம்பு, சின்னக் குரல். பொய்க் கருவியில் கண்ணை வைத்து உட்கார்ந்தார். மத்தியானத்தைக் காட்டினோம், தலையாட்டினார். நடு ராத்திரியைக் காட்டினோம், தலையாட்டினார். என் வேப்பமரத்தைத் தாண்டிப் போனார், கவனிக்கவில்லை.

"ஆறேகாலுக்குப் போங்க" என்றார்.

அவள் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டாள். பெரிய திரையில் எங்களுக்கும் அதே படம் தெரிந்தது. மலையும் பாறையும் புல்லும் மெல்லக் கரைந்து ஒரே சாம்பலாயின. அதன் நடுவில் டியூப் லைட் மாதிரி ஒரு ஆள் ஏறி வந்துகொண்டிருந்தான்.

சுபேதார் கருவியிலிருந்து கண்ணை எடுத்தார். "இது ஆறேகாலா?"

"ஆமாங்க சார்" என்றார் எம்.டி.

"யாருங்க இவன், தீ மிதிச்சுட்டு நேரா வர்றானா?" சிரிக்கவில்லை அவர். "இந்த நேரத்துல எங்களுக்கு ஆளு தெரியாதுங்க. அதனால அந்த அரை மணி நாங்க கருவியை நம்பறதில்ல. காதைத் தீட்டிக்கினு உக்காந்திருப்போம், காவலுக்கு ஆளை ரெண்டு மடங்காப் போடுவோம். இதுல பழகிட்டு ஒரு பையன் அங்க வரான்னு வையுங்க. ஆள் இருந்தா வெள்ளையாத் தெரியும்னுதானே நெனப்பான்? ஒண்ணும் தெரியலன்னா 'காலி சார், யாரும் இல்ல'ன்னு சொல்லிடுவான். அவன் சொல்றதை நம்பி பத்துப் பேர் எழுந்து நடப்பாங்க."

அதுவரைக்கும் அந்தப் படத்தைப் பார்க்கப்போகிற ஒரு பையனை நான் நினைத்துப் பார்த்ததே இல்லை. பார்க்கிறவர்கள் என்றால் எனக்கு எம்.டி., சுபேதார், அவள். மூன்றே பேர்.

"யார் செஞ்சது இதை?" என்றார் எம்.டி.

நான் சொல்லத்தான் போனேன். சத்தியமாக. அதற்காகத் தொண்டையைக் கனைத்தேன். எனக்குத் தொண்டை கனைக்க ரொம்ப நேரம் எடுக்கும். அதற்குள் அவள் கம்ப்யூட்டரில் தேடி எடுத்துவிட்டாள்.

"ஆளுக்கு நாப்பது டிகிரி போட்டிருக்குது சார். நேத்து மத்தியானம் ஒண்ணு பத்துக்கு. அண்ணா மிஷின்லேர்ந்து."

அறையிலிருந்த எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். அவள் மட்டும் திரும்பவில்லை. தட்டிக்கொண்டே சொன்னாள்: "படம் தெளிவாத் தெரியணுமேன்னு நல்ல மனசோட பண்ணியிருப்பாரு சார். ஆளு தெரியலன்னா நீங்க சத்தம் போடுவீங்கன்னு."

ஊரில் இருக்கிற சூட்டையெல்லாம் கண்டுபிடித்தவள். என் வயிற்றில் இருந்தது மட்டும் அவளுக்குத் தெரியவில்லை. அவள் என்னைத் திட்டியிருந்தால் அன்றைக்கு நிம்மதியாகச் சாப்பிட்டிருப்பேன்.

"மாத்தி வையுங்க, டீ குடிச்சுட்டு வர்றேன்" என்று சுபேதார் எழுந்தார். பத்து நிமிஷம் கழித்து வந்து மறுபடி கண்ணை வைத்தார். சாம்பல். கருவியை இடது பக்கம் திருப்பினார், வலது பக்கம் திருப்பினார்.

"எங்க ஆளு?"

"அங்கதான் சார் இருக்காரு. உங்களுக்கு நேரா, பாறை மேல."

"தெரியல."

"தெரியாதுங்க சார்" என்றாள் அவள்.

சுபேதார் இன்னும் கொஞ்ச நேரம் அந்த ஒன்றுமில்லாததைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "இதைத்தான் எங்க பசங்க ஒரு வாரம் பாக்கணும்" என்றார்.

எம்.டி. 'வொலா' என்று கத்தின கத்தலில் கீழே பெயின்ட் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். அன்று சாயங்காலமே அவள்தான் தலைவர் என்று முடிவாயிற்று. என்னை அவர் வேலையைவிட்டு அனுப்பவில்லை. அதைவிடக் கெட்டிக்காரர். "நாளைலேர்ந்து மேடம்னு கூப்பிடு" என்றார்.

வீட்டில் சொன்னதும் மனைவி ஒன்றும் கேட்காமல் மோர்ச் செம்பை எடுத்து வைத்தாள்.

எனக்கு மனசு ஆறவில்லை. நல்ல மனசு என்று அவள் சொன்னது முள்ளாக உறுத்திக்கொண்டே இருந்தது. மறுவாரம் காந்தி வீதி டீக்கடையில் அவளை நிறுத்திச் சொல்லிவிட்டேன். "மேடம், அன்னிக்கு நான் நல்ல மனசோட பண்ணல. உன் மேல பொறாமை. அதான் பண்ணேன்."

அவள் டம்ளரைக் கீழே வைத்தாள். கோபமோ வருத்தமோ இல்லை. புதுச் சுவர் ஒன்றைப் பார்த்த முகம்.

"எவ்ளோ நாளாண்ணா?"

"நீ வந்த மூணாவது நாள்லேர்ந்து."

"ஒரே மாதிரி இருக்குமா, ஏறி இறங்குமா?"

"ஏறி இறங்கும்."

"காலைல அதிகமா, சாயங்காலமா?"

"உன் பேரை எம்.டி. சொல்றப்ப அதிகம்."

"சாப்பிட்டா குறையுமா?"

"மோர் குடிச்சாக்கூடக் குறையல."

தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டாள். நல்லவேளை, எழுதிக்கொள்ளவில்லை. எனக்கு வெட்கத்தைவிட இப்போது வேறொன்று முக்கியமாகிவிட்டது. ஒரு பொறாமைக்காரனுக்குக் கடைசியாக மிஞ்சுகிற ஆசை அது. கேட்டேன். "உனக்கு எப்பவாவது என் மேல பொறாமை வந்திருக்குதா? ஏதாவது ஒண்ணுக்கு? சும்மா, கொஞ்சமா?"

வேறு யாராக இருந்தாலும் ஒரு பேச்சுக்காவது, 'உங்க மரத்தைப் பாத்தா வருதுண்ணா' என்று சொல்லியிருப்பார்கள். அவள் யோசித்தாள். உண்மையாகவே யோசித்தாள். கடைக்காரர் அதற்குள் நாலு டீ ஆற்றிவிட்டார்.

"இல்லண்ணா" என்றாள். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "இப்ப இல்ல. வந்தா சொல்றேன்" என்றாள்.

இரண்டு வருஷம் மேடமாக இருந்துவிட்டு அவள் பெங்களூருக்குப் போய்விட்டாள். நான் ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் வாழ்த்து அனுப்புவேன், கடைசியில் ஒரு வரி சேர்ப்பேன்: "வந்துச்சா?" அன்றைக்கே பதில் வந்துவிடும்: "இன்னும் இல்லண்ணா." அவள் பொய் சொல்லமாட்டாள் என்பது ஆறுதல் தருகிற விஷயமில்லை.

போன மாதம் எம்.டி. அந்தத் தலைவர் பதவியை எனக்குக் கொடுத்தார். கேட்க வேறு ஆள் இல்லை என்பது வேறு விஷயம். புது அறை, புது நாற்காலி, கதவில் என் பெயர். படம் எடுத்தேன். வெளிச்சம் சரியில்லை என்று மறுபடி எடுத்தேன். நாலாவது படம்தான் கம்பீரமாக வந்தது. அதை அவளுக்கு அனுப்பிவிட்டு, அவள் படித்துவிட்டதைக் காட்டும் நீல டிக்கையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ரொம்ப சந்தோஷம்ண்ணா" என்று வந்தது. பிறகு எதுவும் வரவில்லை. பத்து நிமிஷம். யோசிக்கிறாள் என்று நான் புது நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டேன். இருபது நிமிஷம் கழித்து இன்னொன்று வந்தது.

"பொறாமை இல்லண்ணா. நல்லாப் பாத்துட்டேன்."

அந்த 'நல்லா'வைத்தான் இன்னும் என்னால் மன்னிக்க முடியவில்லை.